ஆர்கன் வேண்டுமா, அன்னாவைக் கட்டு

கடவுளுக்கும் காசுக்கும் ஒரே முகவரி வைத்திருந்த ஊர் லூபெக். ஜெர்மனியின் வட கோடியில், பால்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. லூனபுர்க்கிலிருந்து உப்பு வாங்கி ஸ்காண்டிநேவியாவுக்கு விற்பார்கள். அந்த உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீனை வாங்கி வந்து ஐரோப்பா முழுவதும் விற்பார்கள். விரத நாளில் கறி ஆகாது, மீன் ஆகும் என்று திருச்சபை விதி போட்டிருந்ததால், மற்றவர்கள் நோன்பிருக்க இருக்க லூபெக் வணிகர்களுக்குத் தொந்தி போட்டது.

பணம் சேர்ந்தால் அடுத்து கோவில் கட்டும் ஆசை வரும். ஊரில் ஏற்கெனவே ஒரு பேராலயம் இருந்தது. 1173இல் சாக்சனி கோமகன் ஹென்றி அடிக்கல் நாட்டியது, ஆயருக்குச் சொந்தம். வணிகர்களுக்கும் ஆயருக்கும் ஏழாம் பொருத்தம். எனவே ஆயர் கோவில் ஊரின் தென்கோடியில் கிடக்க, இவர்கள் ஊர் நடுவே, சந்தைக்கும் நகர மன்றத்துக்கும் ஒட்டினாற்போல், பேராலயத்தைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு புனித மரியாள் ஆலயத்தைக் கட்டினார்கள். விதானம் 38.5 மீட்டர் உயரம். செங்கல்லில் எழுப்பிய விதானங்களில் உலகத்திலேயே அதுதான் உயரம். கோபுரங்கள் 125 மீட்டர். அதிலும் ஒன்று போதாதென்று இரண்டு. ஆயர் காலையில் ஜன்னலைத் திறந்தால் முதலில் எது கண்ணில் பட வேண்டும் என்பதில் வணிகர்கள் தெளிவாக இருந்தார்கள்.

இந்தக் கட்டட வேலையில் சாத்தானும் கூலியில்லாமல் உழைத்தான் என்பது ஊரார் சொல்லும் கதை. ஏதோ பிரமாண்டமான ஒயின் கடை எழும்புகிறது, ஆன்மாக்கள் மொத்தமாக வசூலாகும் என்ற குஷியில் அவனே கல் சுமந்திருக்கிறான். சுவர் உயர்ந்த பிறகுதான் இது வேறு கடை என்று புரிந்தது. கோபத்தில் பாறாங்கல்லைத் தூக்கிக்கொண்டு இடிக்க வந்தவனைச் சமாதானப்படுத்தி, கோவிலுக்குப் பக்கத்திலேயே ஒயின் விடுதியும் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். கட்டியும் கொடுத்தார்கள். நகர மன்றத்துக்கு அடியில் இருக்கும் நிலவறை விடுதி அதுதான். அந்தப் பாறாங்கல் இன்றும் ஆலயச் சுவரோரம் கிடக்கிறது. 1999இல் அதன்மேல் வெண்கலத்தில் ஒரு குட்டிச் சாத்தானையும் உட்கார வைத்துவிட்டார்கள். சாத்தானிடமே சொன்ன சொல் தவறாத இந்த வணிகர்கள் சங்கீதக்காரர்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதுதான் மேற்கொண்டு கதை.

1641இல் ஃப்ரான்ஸ் டூண்டர் என்பவர் இந்த ஆலயத்துக்கு ஆர்கன் வாசிக்க வந்து சேர்ந்தார். ஆர்கன் என்றால் மேஜைமேல் வைத்து வாசிக்கிற சமாசாரம் என்று நினைத்துவிடக் கூடாது. மேற்குச் சுவரை அடைத்துக்கொண்டு ஏறி நிற்கும் ஆயிரக்கணக்கான குழாய்கள், கைகளுக்கு மூன்று வரிசைக் கட்டைகள், கால்களுக்குத் தனியாக ஒரு வரிசை, பின்னால் துருத்தி மிதிக்க ஆட்கள். வாசிப்பவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உயரத்தில் உட்கார்ந்திருப்பார். கீழே தூங்குகிறவர்களுக்கும் அவருக்கும் பரஸ்பரம் எந்தச் சங்கடமும் கிடையாது.

லூபெக் வணிகர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பேரம் பேசும் கூடம் திறக்கும்வரை பொழுது போக வேண்டுமே என்று ஆலயத்துக்குள் நுழைந்துவிடுவார்கள். டூண்டர் அவர்களுக்காக ஆர்கனில் ஏதாவது வாசிப்பார். அவர்கள் மனம் குளிர்ந்து புத்தாண்டுக்கு ஏதோ கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் டூண்டர் நாலு வயலின்காரர்களையும் பாடகர்களையும் சேர்த்துக்கொள்வார். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஐரோப்பாவின் முதல் பொதுக் கச்சேரிகளில் ஒன்றாக இன்று இசை வரலாற்று ஆசிரியர்கள் பயபக்தியோடு எழுதும் ‘மாலை இசை’ இப்படித்தான், மீன் வியாபாரிகளின் காத்திருப்பு நேரத்தில், பிறந்தது. பிற்காலத்தில் லூபெக்கில் ஆலயப் பாடல் ஆசிரியராக இருந்த காஸ்பார் ரூட்ஸ்தான் இதை எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு இந்தக் கச்சேரிகளைப் பிடிக்காது என்பதைப் பிறகு பார்ப்போம். ஆனாலும் சுவையான தகவல்களை நமக்கு விட்டுச் செல்பவர்கள் வழக்கமாகப் பிடிக்காதவர்கள்தான்.

டூண்டர் 1667 நவம்பரில் காலமானார். ஒரு மனைவி, கல்யாண வயதில் பெண், காலியாக ஒரு ஆர்கன். நகர மன்றம் ஆள் தேடியது.

அப்போது டென்மார்க் பக்கம் ஹெல்சிங்கோரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர் டீட்ரிக் புக்ஸ்டெஹூடே. முப்பது வயசு இருக்கும். 1668 ஏப்ரல் 11 அன்று அவருக்கு வேலை கிடைத்தது. ஆகஸ்ட் 3 அன்று டூண்டரின் மகள் அன்னா மார்கரெத்தேவுடன் கல்யாணம் நடந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நம்புகிற நல்ல உள்ளங்களும் இருக்கலாம். அவர்கள் பக்கத்து ஹாம்பர்க்கையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். அங்கே கத்தரீன் ஆலயத்தின் ஆர்கனைப் பெற்ற ராயின்கன் என்பவரும் முன்னவரான ஷைடமானின் மகளைத்தான் மணந்திருந்தார்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு நிர்வாகத் தெளிவு இருக்கிறது. பென்ஷன் என்ற சொல்லே நகர மன்றத்துக்குக் கசக்கும். ஆர்கன்காரர் செத்தால் விதவைக்கும் பெண்களுக்கும் யார் சோறு போடுவது? புது ஆளையே மாப்பிள்ளையாக்கிவிட்டால் கஜானாவிலிருந்து ஒரு தம்பிடி வெளியே போகாது. மாமியார் வீடு மாறவும் வேண்டாம். டூண்டரின் இன்னொரு மகள் அகஸ்டா சோஃபியாவை மணந்தவர் சாமுவேல் ஃப்ராங்க். அவர் அதே ஆலயத்தில் பாடகர்களைப் பயிற்றுவித்தவர். ஆக, ஆர்கன் மாடத்தில் ஒரு சகலை, பாடகர் மாடத்தில் இன்னொரு சகலை. டூண்டர் கல்லறையிலிருந்தபடியே ஆலய இசையைக் குடும்பத் தொழிலாக நடத்திக்கொண்டிருந்தார்.

பெண் வீட்டார் தந்த சீரில் இன்னொரு அயிட்டமும் இருந்தது. ஆலயத்தின் மராமத்துக் கணக்குப்பிள்ளை வேலை. சுண்ணாம்பு வாங்குவது, செங்கல் எண்ணுவது, கொத்தனாருக்குக் கூலி கொடுப்பது, எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதுவது. இருபதாம் நூற்றாண்டின் பெரிய ஆர்கன் மேதைகள் யாரும் ஆணிக்குக் கணக்கு எழுதியதாகத் தெரியவில்லை. புக்ஸ்டெஹூடே ஏறக்குறைய நாற்பது வருஷம் எழுதினார்.

பேரேட்டு நேரம் போக மிச்ச நேரத்தில் அவர் மாலை இசையைக் கையில் எடுத்தார். டூண்டர் காலத்து வியாழக்கிழமைக் கச்சேரி ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. வருஷத்துக்கு ஐந்து ஞாயிறு: திருச்சபை ஆண்டின் கடைசி இரண்டு, பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஞாயிறுகள். பிற்பகல் ஆராதனை முடிந்ததும் நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை. நம் மார்கழி சீசனுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். கேன்டீன் மட்டும் கிடையாது. கணப்பும் கிடையாது. லூபெக்கில் டிசம்பர் மாதம் நாலு மணிக்குள் சூரியன் கடையைக் கட்டிவிடும். பனியில் விறைத்த விரலோடு வயலினை இழுப்பவர்களையும், வாயைத் திறந்தால் ஸ்வரத்துக்கு முன்னால் ஆவி வெளியே வரும் பள்ளிக்கூடத்துப் பையன்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த மறு வருஷமே, 1669இல், பெரிய ஆர்கனை ஒட்டிப் புதிதாக இரண்டு மாடங்களைக் கட்ட வைத்தார். பழையதும் புதியதுமாகச் சுமார் நாற்பது பேர் நின்று பாடவும் வாசிக்கவும் இடம் ஆயிற்று. நகர மன்றச் சம்பளத்தில் ஏழு வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். மற்றவர்களைக் கைக்காசு கொடுத்து வரவழைக்க வேண்டும்.

1678இல் ஹாம்பர்க்கில் ஓபரா அரங்கு திறந்தது. வியாபாரத்தில் லூபெக்கை ஏற்கெனவே முந்திவிட்ட ஊர் அது, இப்போது கேளிக்கையிலும். லூபெக்கில் ஓபரா கிடையாது. புக்ஸ்டெஹூடே சும்மா இருப்பாரா? அதே வருஷம் ‘ஆட்டுக்குட்டியின் திருமணம்’ என்று விவிலியக் கதையை நாடகமாகப் பாட வைத்தார். வேஷம் கட்டுவது கிடையாது, மேடை கிடையாது. ஆனால் பாத்திரங்கள் உண்டு, சண்டை உண்டு, அழுகை உண்டு. பிறகு இந்தச் சங்கதி முற்றி, ஒரே கதையை ஐந்து ஞாயிறுக்கும் பிரித்துப் போடுவது என்றாகிவிட்டது. முதல் வாரம் பாவம், கடைசி வாரம் மோட்சம், நடுவில் ‘தொடரும்’. மெகா சீரியலைக் கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் லூபெக்கையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும். 1684இல் புத்தகச் சந்தைப் பட்டியலில் அவர் அறிவித்த ஒரு படைப்பின் தலைப்பு: ‘மிகப் பயங்கரமானதும் மிக மகிழ்ச்சியானதும், அதாவது காலத்தின் முடிவும் நித்தியத்தின் தொடக்கமும்.’ ஊர்ச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதற்குக்கூட இதைவிடப் பொருத்தமாக எழுத முடியாது.

கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. வணிகர்கள் தாராளமாகச் செலவை ஏற்றுக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு. பாட்டு வரிகளை அச்சடித்து, அழகாகக் கட்டி, ஒவ்வொரு புரவலர் வீட்டுக்கும் மரியாதையாக அனுப்பி வைத்துவிட்டு, புத்தாண்டு சமயத்தில் நன்கொடைக்காகக் காத்திருக்க வேண்டும். 1680களில் அவர் வணிகர்களுக்கு எழுதிய கடிதங்களில் சில இன்றும் இருக்கின்றன. மிகப் பணிவான கடிதங்கள். தங்கள் மேலான ஆதரவு, தங்கள் பெருந்தன்மை என்று நாலு வரி போய், போன வருஷம் வந்த பணம் செலவுக்குக் காணவில்லை என்று ஐந்தாவது வரியில் முனகும். நன்கொடை நோட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கிய எவருக்கும் அந்த முனகல் பரிச்சயமானது.

இலவசம் என்றால் யார் வருவார்கள்? எல்லாரும் வருவார்கள். ரசிகர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். வாலிபப் பிள்ளைகள் பின்னால் கூடினார்கள். மேலே ஆன்மா சொர்க்கத்துக்கு ஏறிக்கொண்டிருக்க, கீழே பாடகர் பகுதிக்குப் பின்புறம் இவர்கள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். கூச்சலில் இசையே கேட்பதில்லை, அரை இருட்டில் நடக்கிற பாவங்களைச் சொல்ல நாக் கூசுகிறது என்று அந்தக் காஸ்பார் ரூட்ஸ் குமுறியிருக்கிறார். அவர் எழுதியது 1750களில், புக்ஸ்டெஹூடே மறைந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு. ஆனால் வாலிபமும் இருட்டும் எந்த நூற்றாண்டிலும் ஒன்றுதான். ஆலயத்தில் காவலர்களை நிறுத்திப் பார்த்தார்கள். ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் சந்தித்துக்கொள்ள வருஷத்தில் ஐந்தே ஐந்து இருட்டு மாலைகள் கிடைக்கும்போது காவலரால் என்ன செய்ய முடியும்? எத்தனை லூபெக் கல்யாணங்களுக்குப் பின்னணி இசை புக்ஸ்டெஹூடே அமைத்தார் என்று கணக்கெடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

அவர் வீட்டுக் கல்யாணம்தான் நடக்க மாட்டேன் என்றது.

புக்ஸ்டெஹூடே தம்பதிக்கு ஏழு பிள்ளைகள், ஏழும் பெண். மூன்று சிசுவிலேயே போய்விட்டன. மிஞ்சியவர்களில் 1675இல் பிறந்தவளுக்கு அன்னா மார்கரெத்தா என்று அம்மாவின் பெயரையே வைத்தார்கள். காலம் ஓடியது. அப்பாவுக்கு அறுபது தாண்டியது. தனக்குப் பிறகு ஆர்கனை யாருக்குக் கொடுப்பது, பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்ற இரண்டு கவலைகளையும் மாமனார் வழியிலேயே ஒன்றாக முடிச்சுப் போட்டார்.

1703 ஆகஸ்ட் 17. ஹாம்பர்க்கிலிருந்து இரண்டு இளைஞர்கள் வண்டி ஏறினார்கள். ஒருவர் யோஹன் மத்தேசோன், 21 வயசு. ஓபராவில் பாடுவார், எழுதுவார், வாசிப்பார், மற்றவர்களைக் குறை சொல்வார், எல்லாவற்றிலும் கெட்டி. இன்னொருவர் கேயார்க் ஃப்ரீட்ரிக் ஹேண்டல், 18 வயசு. ஹாம்பர்க் ஓபராவில் கடைசி வரிசையில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர். வழி நெடுக வண்டியில் குலுங்கியபடியே, காகிதம் பேனா இல்லாமல், மனசுக்குள்ளேயே இரட்டை ஃப்யூக் (ஒரு குரலை இன்னொரு குரல் துரத்திப் பின்னும் இசை வடிவம்) கட்டி விளையாடினார்கள். நாமெல்லாம் அந்தாக்ஷரி பாடும் இடத்தில் அவர்களுக்கு அது.

லூபெக்கில் ராஜ உபசாரம். ஊரிலிருந்த ஆர்கனையும் ஹார்ப்சிகார்டையும் ஏறக்குறைய ஒன்று விடாமல் வாசித்துப் பார்த்தார்கள். புக்ஸ்டெஹூடே வாசித்ததைக் கேட்டார்கள், மெய்மறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கல்யாணப் பேச்சு வந்தது. வேலை வேண்டுமானால் ஒரு கல்யாண நிபந்தனை உண்டு; எங்கள் இருவருக்கும் அதில் துளியும் நாட்டமில்லை; ஆகவே நன்றாகச் சாப்பிட்டு அனுபவித்துவிட்டுத் திரும்பிவிட்டோம் என்று 1740இல் மத்தேசோன் தன் புத்தகத்தில் எழுதினார். பெண்ணின் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. 28 வயசுப் பெண்ணொருத்தி, ‘நிபந்தனை’ என்ற பெயரில் இசை வரலாற்றுக்குள் நுழைந்தாள். பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’ என்று கிளம்பும் மாப்பிள்ளை வீட்டார் எங்கும் உண்டு. இந்த இருவரில் ஒருவர் அதை அச்சிலும் போட்டார்.

இந்த ஜோடியின் லட்சணம் அடுத்த வருஷமே தெரிந்துவிட்டது. 1704 டிசம்பரில் மத்தேசோனின் ‘கிளியோபாட்ரா’ ஓபரா நடந்துகொண்டிருந்தபோது, ஹார்ப்சிகார்டு முன்னால் யார் உட்காருவது என்று இருவரும் தகராறு செய்து, வெளியே வந்து வாளை உருவிக்கொண்டார்கள். மத்தேசோனின் வாள் ஹேண்டலின் கோட்டுப் பொத்தானில் பட்டு ஒடிந்தது. பொத்தான் ஓர் அங்குலம் தள்ளித் தைக்கப்பட்டிருந்தால் ஹேண்டலின் ‘மெசையா’ கிடையாது. ஹேண்டல் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆகவே லூபெக் விஷயத்தில் அவர்மீது அன்னாவுக்குத் தனிப்பட்ட மனத்தாங்கல் தேவையில்லை.

அடுத்தவர் நடந்து வந்தார்.

துரிங்கியாவில் ஆர்ன்ஸ்டாட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே யோஹன் செபாஸ்டியன் பாக் என்ற 20 வயசு இளைஞர் ஆர்கன் வாசிக்கும் வேலையில் இருந்தார். சம்பளம் வயதுக்கு நல்ல சம்பளம். குணம் மட்டும் கொஞ்சம் முன்கோபம். 1705 ஆகஸ்டில், கையர்ஸ்பாக் என்ற மாணவன் பஸூன் குழல் வாசித்த அழகைப் பார்த்துவிட்டு ஆட்டோடு சம்பந்தப்படுத்தி ஏதோ திட்டிவிட்டார். அவன் ராத்திரி நடுத்தெருவில் தடியோடு வழிமறித்தான். பாக் கத்தியை உருவினார். கூட இருந்தவர்கள் விலக்கிவிட்டார்கள். விசாரணை நடந்தது. மேலிடத்துக்கு இவரைப் பிடிக்காமல் போயிற்று. இவருக்கு மேலிடத்தை எப்போதுமே பிடித்ததில்லை.

இந்த லட்சணத்தில் அக்டோபரில் போய் நாலு வாரம் லீவு கேட்டார். லூபெக் போய் புக்ஸ்டெஹூடேவைக் கேட்க வேண்டும். கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் நிம்மதி என்று நினைத்திருக்கலாம். கிளம்பினார், நடந்தே. சுமார் 400 கிலோமீட்டர். ஆர்ன்ஸ்டாட் அதிகாரிகளில் ஒருவருக்காவது பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்திருந்தால் இந்த லீவு விண்ணப்பத்தின் லட்சணம் அங்கேயே புரிந்திருக்கும். நாளுக்கு 30 கிலோமீட்டர் நடந்தால் போக 13 நாள், வர 13 நாள். நாலு வாரத்தில் மிச்சம் இரண்டே நாள். சங்கீதம் கேட்கப் போகிறவன் இரண்டு நாளில் திரும்புவானா?

திரும்பவில்லை. பாக் போன நேரம் அப்படி. புனித ரோமப் பேரரசர் லியோபோல்ட் அந்த வருஷம் காலமாகி ஜோசப் பட்டத்துக்கு வந்திருந்தார். லூபெக் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட நகரம். ஆகவே டிசம்பர் 2 அன்று செத்தவருக்கு ஒப்பாரி, 3 அன்று வந்தவருக்கு வாழ்த்து என்று இரண்டு விசேஷக் கச்சேரிகளை ஏற்பாடு செய்தார்கள். ஆலயத்துக்குள் ஜோடித்த சவ மேடை, வரிசை வரிசையாக விளக்குகள், முதல் நாள் வாயடைத்த எக்காளங்கள். மறுநாள் வாயைத் திறந்துவிட்ட எக்காளங்கள், முரசுகள், ஒரே குரலில் இழைந்த 25 வயலின்கள். ஆர்ன்ஸ்டாட்டில் ஒரு பஸூனைச் சமாளிக்க முடியாமல் கத்தி உருவிய பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? இடையில் ஒரு விஷயம்: இதே நாட்களில், 1705 நவம்பர் 29 அன்று, கோபன்ஹேகனிலிருந்து சீகன்பால்கு தரங்கம்பாடிக்குக் கப்பலேறினார். தரங்கம்பாடித் தமிழ் அச்சுக்கும் பாக்கின் ஆர்கனுக்கும் ஒரே பனிக்காலத்தில் முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள்.

அன்னாவைக் கட்டிக்கொள்ளும்படி பாக்கிடமும் கேட்டார்களா? கேட்டதாக ஆவணம் இல்லை. கேட்காமல் விட்டிருப்பார்கள் என்று நம்புவதற்கும் முகாந்திரம் இல்லை. அன்னாவுக்கு 30, பாக்குக்கு 20. இவர் பின்னாளில் தன் உறவுக்காரப் பெண் மரியா பார்பராவை மணந்தவர். எப்படியோ, வேலையும் வேண்டாம் பெண்ணும் வேண்டாம் என்று, சங்கீதத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் ஆர்ன்ஸ்டாட் வந்து சேர்ந்தார். நாலு வாரம் என்று போனவர் ஏறக்குறைய அதைப் போல நாலு மடங்கு காலம் வெளியே இருந்திருந்தார்.

1706 பிப்ரவரி 21 அன்று விசாரணை. அந்தப் பதிவேடு இன்னும் இருக்கிறது, உலகத்தில் மெமோ வாங்கிய ஒவ்வொருவரும் படித்து ஆறுதலடைய வேண்டியது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்? கலையில் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள லூபெக் போயிருந்தேன், முன்பே அனுமதி கேட்டேனே. கேட்டது நாலு வாரம்தானே? என் இடத்தில் ஆள் வைத்துவிட்டுப் போனேன், குறை வந்திருக்காது என்று நம்புகிறேன். சாரம் இவ்வளவுதான். பிடி கொடுக்காமல் பதில் சொல்வதில் ஃப்யூக் எழுதும் மூளை பளிச்சிடுகிறது.

அவர்களும் விடவில்லை. பக்திப் பாடல்களுக்கு நடுவே விசித்திரமான சங்கதிகளைப் போடுகிறாய், சம்பந்தமில்லாத ஸ்வரங்களைக் கலக்கிறாய், ஜனங்கள் எங்கே பாடுவது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள் என்றார்கள். லூபெக்கில் கற்று வந்த வித்தை இதுதான். ஆர்ன்ஸ்டாட் காதில் அது குற்றப்பத்திரிகையாக விழுந்தது. முன்பு வாசித்த முன்னிசை நீளமென்று சொன்னால், உடனே மிகக் குட்டியாக வாசித்துப் பழிவாங்கினாராம். அதே வருஷம் நவம்பரில் இன்னொரு விசாரணை: யாரோ ஒரு பெண்ணை ஆர்கன் மாடத்தில் ஏற்றிப் பாட விட்டாயாமே? யார் அந்தப் பெண் என்று பதிவேடு சொல்லவில்லை. மரியா பார்பராதான் என்று காதல் கதைப் பிரியர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். 1707இல் பாக் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். இரு தரப்பும் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும்.

1707 மே 9 அன்று புக்ஸ்டெஹூடே காலமானார். பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். யோஹன் கிறிஸ்டியான் ஷீஃபர்டெக்கர், புக்ஸ்டெஹூடேயின் உதவியாளர், ஹாம்பர்க் ஓபராவில் ஹார்ப்சிகார்டு வாசித்தவர். ஜூனில் வேலை கிடைத்தது. செப்டம்பர் 5 அன்று அன்னா மார்கரெத்தாவுக்குக் கல்யாணம். அவளுக்கு 32, அவருக்கு 27. ஹேண்டலும் மத்தேசோனும் சாப்பிட்டுவிட்டு ஓடிய இடத்தில் ஷீஃபர்டெக்கர் உட்கார்ந்து 25 வருஷம் வாசித்தார். இசை வரலாற்றில் அவருக்கு அரைப் பக்கம்தான். ஆனால் இந்தக் கதையில் வருகிற ஆண்களில் நல்ல மனுஷன் என்று எனக்குப் படுகிறவர் அவர்தான்.

பெண்ணைக் கொடுத்து வேலை தருவது மட்டமான வழக்கம் என்று முகம் சுளிப்பவர்களுக்காக இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன். 1720இல் ஹாம்பர்க் யாக்கோபு ஆலயத்தில் ஆர்கன் வேலை காலியானது. போட்டியாளர் பட்டியலில் பாக்கின் பெயர் இருந்தது. வேலை கிடைத்தது ஹைட்மான் என்பவருக்கு. ஆலயத்துக்கு அவர் செலுத்திய ‘காணிக்கை’ 4000 மார்க். அந்த ஆலயத்துப் போதகர் நோய்மைஸ்டர் கொதித்துப்போய், பெத்லகேமின் தேவதூதரே இறங்கி வந்து தெய்விகமாக வாசித்தாலும் கையில் காசில்லாவிட்டால் திரும்பிப் பறக்க வேண்டியதுதான் என்று கிறிஸ்துமஸ் பிரசங்கத்திலேயே போட்டு உடைத்தார். இதற்கு லூபெக் முறை எவ்வளவோ கௌரவம்.

மாலை இசை பிறகும் ஒரு நூற்றாண்டு ஓடியது. 1730களில் வந்த குன்ட்ஸன், ஒத்திகைக்கு டிக்கெட் போட்டு விற்கலாம் என்று கண்டுபிடித்தார். நிஜக் கச்சேரி இலவசம், ஒத்திகைக்குக் காசு. கூச்சலில்லாமல் கேட்க விரும்பிய பணக்காரர்கள் ஒத்திகைக்கே போனார்கள். 1806இல் நெப்போலியனின் படை ஊரைச் சூறையாடியது. வணிகர்கள் கையில் காசு வற்றியது. 1810இல் கச்சேரிகள் நின்றன. 1942 மார்ச் 28 இரவு பிரிட்டிஷ் குண்டுகள் விழுந்ததில் ஆலயம் எரிந்தது; புக்ஸ்டெஹூடே வாசித்த இடத்து ஆர்கன்களும் போயின. கோபுரத்திலிருந்து விழுந்து நொறுங்கிய மணிகளை விழுந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள்.

அந்த ஐந்து ஞாயிறுகளுக்காக புக்ஸ்டெஹூடே எழுதிய நாடகங்களின் இசைப்பிரதிகள் நம் கைக்கு வரவில்லை. 1705இன் அந்த இரண்டு பிரமாண்ட இரவுகளுக்கும் பாட்டு வரி அச்சுதான் மிச்சம். காவியம் போய்விட்டது, கணக்கெழுத்து பத்திரமாக இருக்கிறது. அவருடைய மற்றப் பாடல்களில் பெரும்பங்கு பிழைத்ததற்கு லூபெக் காரணமில்லை. ஸ்டாக்ஹோமில் அரசவை இசைத் தலைவராக இருந்த நண்பர் குஸ்தாவ் ட்யூபன் பிரதி எடுத்து வைத்தார்; அவை இன்று ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆர்கன் படைப்புகள் பல பாக் குடும்பத்தாரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் எடுத்த நகல்களால் தப்பின. 2006இல் வைமார் நூலகம் ஒன்றில் ஒரு பழைய பிரதி அடையாளம் காணப்பட்டது. பாக் சிறுவனாக இருந்தபோது தன் கையாலேயே எழுதிக்கொண்ட புக்ஸ்டெஹூடேயின் நீளமான ஆர்கன் படைப்பு ஒன்று. ஆக, லூபெக்குக்கு நடப்பதற்கு ஏழெட்டு வருஷம் முன்பே அந்தப் பையன் மனசால் கிளம்பிவிட்டிருக்கிறான்.

நீங்கள் 400 கிலோமீட்டர் நடக்க வேண்டாம், லீவும் போட வேண்டாம், யாரையும் கல்யாணமும் செய்துகொள்ள வேண்டாம். புக்ஸ்டெஹூடேயின் டி மைனர் பாஸக்காலியாவை யூட்யூபில் தேடுங்கள். நாலே அளவு நீளமுள்ள ஒரு கால்கட்டை வரி, அதன்மேல் 28 முறை வேறு வேறு விதமாக எழும்பும் இசை, ஆறேழு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதுவும் இலவசம்தான். உட்கார்ந்து கேளுங்கள், பின்னால் ஓடிப்பிடித்து விளையாடாதீர்கள்.